திரும்பி வந்த புட்டிகள்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில் சாணார்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. தெற்கே சிறுமலை, சாலையை ஒட்டி மாந்தோப்பும் தென்னந்தோப்பும், இடையிடையே பனை. பெயரிலேயே பனையேறிகளின் நினைவைச் சுமந்துகொண்டிருக்கும் ஊர். பனை தருகிற பானத்துக்கு ஆயுள் எவ்வளவு என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் பதநீர். தடவாமல் இறக்கினால் கள். விடியற்காலையில் இனிப்பு, உச்சிப் பொழுதில் கடுப்பு, மறுநாள் காடி. அவ்வளவுதான் அதன் ஜாதகம். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருப்பதால், இந்த விவரத்தை அநுபவமாகச் சொல்லக் கூடியவர்கள் எல்லாரும் வயதானவர்களாகவே இருக்கிறார்கள்!

ஒரு நாள் வாழ்ந்தாலே அதிசயம் என்கிற பானத்தின் ஊரில் உட்கார்ந்துகொண்டு, நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பானத்தைப் பற்றி நாங்கள் நால்வர் ஒரு மார்கழி மாலை முழுவதும் வழக்காடினோம். அந்த வழக்கின் பயனாக நான் படித்துத் தெரிந்துகொண்ட சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். மது விலக்கில் பற்றுள்ள வாசகர்கள் என்மேல் கோபிக்க வேண்டாம். இந்தக் கட்டுரையில் குடிப்பதைவிட முகர்வதுதான் அதிகம்.

பிரான்ஸின் தென்மேற்கு மூலையில் போர்தோ என்கிற துறைமுகப் பட்டணம். அதைச் சுற்றியுள்ள கூழாங்கல் நிலத்தில் விளையும் கறுந்திராட்சையிலிருந்து வருவது சிவப்பு ஒயின். 1152-ஆம் ஆண்டில் அந்தச் சீமையின் ராணி எலியனோர், பின்னால் இங்கிலாந்துக்கு அரசனான ஹென்றியை மணந்துகொண்டாள். சீதனமாகப் போர்தோவும் போயிற்று. 1453 வரையில், முந்நூறு வருஷம், அந்த மண் ஆங்கில அரசர்களின் கையில் இருந்தது. ஆங்கிலேயன் ‘கிளாரட்’ என்று செல்லமாகச் சொல்லுவது இந்த ஒயினைத்தான். பின்னால் சென்னைப் பட்டணத்துக் கோட்டையில் உட்கார்ந்து அவன் கேட்டதும் அதைத்தான்.

ஆனால் ஒரு விஷயம் என்னைத் திகைக்க வைத்தது. அந்த முந்நூறு வருஷமும் போர்தோ ஒயினுக்கு முதுமை என்பது பெருமையாக இருக்கவில்லை, அவமானமாகவே இருந்தது! இலையுதிர் காலத்தில் புது ஒயினை மரப் பீப்பாய்களில் ஏற்றிக்கொண்டு கப்பல் கூட்டம் இங்கிலாந்துக்கு விரையும். புதியதற்கு நல்ல விலை. சென்ற வருஷத்துச் சரக்குக்குப் பாதி விலைகூடத் தேறாது. பீப்பாயில் காற்று புகும், கோடைக்குள் புளித்துவிடும். நம் சாணார்பட்டிக் கலயத்துக்கும் அதற்கும் வித்தியாசம், ஒரு நாளுக்குப் பதில் ஒரு வருஷம் என்பதுதான்.

இந்த நிலைமையை மாற்றியவை இரண்டு எளிய சாமான்கள்: புட்டியும் தக்கையும். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நிலக்கரி உலையில் கெட்டியான கண்ணாடிப் புட்டி செய்யக் கற்றார்கள். ஓக் மரத்தின் ஒரு வகைப் பட்டையிலிருந்து தக்கை வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் புட்டியின் பானை வயிறு மெலிந்து, அது படுக்கவைக்கத் தகுந்த உருளையாயிற்று. படுத்த புட்டியில் ஒயின் தக்கையை நனைத்துக்கொண்டே இருக்கும், தக்கை உலராது, காற்று புகாது. அதன் பிறகுதான் ஒரு மனிதன் தன் கல்யாணத்துக்கு வாங்கிய ஒயினைத் தன் பேரன் கல்யாணத்துக்குத் திறக்கலாம் என்ற நிலை வந்தது. எத்தனையோ யுத்தங்களுக்குத் தேதி வைத்திருக்கிற சரித்திரக்காரர்கள் தக்கைக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கலாம்.

இனி அந்த மார்கழி மாலைக்கு வருகிறேன்.

நால்வரில் ஒருவர் பாண்டிச்சேரிக்காரர். சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளைப் பார்க்கப் பிரான்ஸுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது, அவரும் அவர் மனைவியும் சுங்க விதி அநுமதித்த அளவுக்குள் மூன்று புட்டிகள் கொண்டுவந்திருந்தார்கள். மூன்றும் போர்தோவின் மேதோக் பகுதி. பெரிய பெயர் படைத்தவை அல்ல. ஒன்று 1982, ஒன்று 1990, ஒன்று 1996. இரண்டாமவர் மதுரையிலிருந்து வந்த டாக்டர். மூன்றாமவர் வீட்டுக்காரர், சாணார்பட்டிப் பெரியவர். வாலிபத்திலிருந்து புகையிலை வியாபாரம். பெரியவர் மது தொடமாட்டார். “எங்க வீட்ல உக்காந்து பேசுங்க, நான் வேடிக்கை பாக்குறேன்” என்று இடம் கொடுத்தார்.

மூன்று புட்டிகளையும் ஈரத் துண்டால் சுற்றி, லேபிளே தெரியாதபடி, கிணற்றடி நிழலில் வைத்திருந்தது. எது எந்த வருஷம் என்பது கொண்டுவந்தவருக்கு மட்டுமே தெரியும். ஒவ்வொன்றையும் ஒரு நாள் முன்னதாகவே நிமிர்த்தி வைத்து, அடியில் வண்டல் படிய விட்டிருந்தார். திறந்ததும் ஒரு மெழுகுவர்த்தியைக் கழுத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு, மெதுவாக ஒரு கண்ணாடிக் கூஜாவில் சாய்த்தார். கழுத்தருகே வண்டல் கருங்கோடாக வந்ததும் நிறுத்திவிட்டார். வைத்தியர்கள் கஷாயத்தைத் தெளிய வைத்து இறுக்கிற அதே பக்குவம்.

டாக்டர் முதல் வாய் குடித்துவிட்டு, மூன்றாவது கிளாஸ்தான் மிகப் பழையது என்று தீர்ப்புச் சொன்னார். “நாக்கைப் பிடித்து இழுக்கிறதே, சார்! வயசான சரக்குதான் இப்படிக் கடுமையாக இருக்கும்.” உலகத்தில் பலருக்கு இருக்கிற எண்ணம் இது. பழைய ஒயினில் போதை ஏறிக்கொண்டே போகும் என்றுகூடச் சொல்லுவார்கள். புட்டியில் அடைத்த பிறகு சாராய சத்து ஏறுவதில்லை, துவர்ப்புதான் இறங்குகிறது. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்புச் சத்து, நிறச் சத்தோடு மெல்ல மெல்லச் சேர்ந்து கனத்து, வண்டலாக அடியில் விழுந்துவிடுகிறது. நாவற்பழ நிறம் வெளுத்து, செங்கல் நிறம் வருகிறது. பழ வாசனை போய், வேறு ஏதோ வாசனை தலை காட்டுகிறது. அந்த ‘வேறு ஏதோ’வைத்தான் ரசிகர்கள் பணம் கொட்டித் தேடுகிறார்கள்.

பெரியவர் சும்மா இருந்தவர், “கொஞ்சம் இப்படிக் குடுங்க தம்பி” என்று மூன்று கிளாஸையும் வரிசையாக வாங்கி முகர்ந்தார். இரண்டாவதில் மூக்கை வைத்தவர் எடுக்கவில்லை.

“தம்பி, இதுதான் மூத்தது. பாடம் பண்ணி, அடுக்கிப் போட்ட புகையிலைய ரொம்ப நாள் கழிச்சுப் பிரிச்சா ஒரு வாசம் வரும் பாருங்க, அது இதுல இருக்கு. மத்த ரெண்டும் இன்னும் பழம்தான்.”

பாண்டிச்சேரி நண்பர் துண்டை அவிழ்த்தார். 1982 என்றிருந்தது.

டாக்டர், “ஐயா, நீங்கள் குடிக்காமலே எங்களைத் தோற்கடித்துவிட்டீர்கள்!” என்று சிரித்தார். இதில் மாயம் ஒன்றும் இல்லை. முதிர்ந்த போர்தோவின் வாசனைக்கு உலகத்து ரசிகர்கள் வழக்கமாகச் சொல்லுகிற உவமை என்ன தெரியுமா? சுருட்டுப் பெட்டி! தேவதாரு மரமும் புகையிலையும் கலந்த வாசனை. ஒரு காலத்தில் ஸ்பென்ஸர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை வைத்திருந்தது. அந்தச் சுருட்டு சீமைக்கெல்லாம் போயிற்று. அதே கம்பெனி சென்னையில் சீமை ஒயினும் விற்றது. சுருட்டைத் திண்டுக்கல்லிலும் ஒயினைப் போர்தோவிலும் முதிர வைத்தவர்கள் ஒரே வாசனைக்காகக் காத்திருந்தார்கள் என்று தெரிந்தபோது, எனக்கு அந்தப் பெரியவர் மூக்கின்மேல் மதிப்பு இன்னும் உயர்ந்தது. புகையிலையைப் ‘பாடம்’ செய்வது என்கிறோமே, அந்தச் சொல்லையும் யோசித்துப் பாருங்கள். இலையும் படிக்கிறது, மூக்கும் படிக்கிறது.

லேபிளைப் பார்த்துவிட்டு ருசி பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு உலகப் பிரசித்தியான ஓர் உதாரணம் உண்டு. 1985 டிசம்பர் 5-ஆம் தேதி லண்டனில் கிறிஸ்டி ஏலக் கம்பெனி ஒரே ஒரு புட்டியை ஏலம் விட்டது. லஃபீத் என்ற தோட்டத்தின் ஒயின். 1787-ஆம் வருஷம் என்று கண்ணாடியிலே பொறித்திருந்தது. கூடவே ‘தாமஸ் ஜெஃபர்ஸன்’ என்பதைக் குறிக்கும் எழுத்துக்கள். அமெரிக்காவின் ஜனாதிபதியாகப் பின்னால் வந்த ஜெஃபர்ஸன் 1787-இல் போர்தோவுக்குப் போனவர், ஒயின் பித்தர். புட்டியைக் கொண்டுவந்தவர் ஹார்டி ரோடன்ஸ்டாக் என்ற ஜெர்மானியர். பாரிஸில் சுவர் வைத்து அடைத்த ஒரு பழைய நிலவறையில் கிடைத்தது என்றார். எந்த வீடு என்று மட்டும் சொல்லவில்லை. ஃபோர்ப்ஸ் குடும்பத்தார் 1,05,000 பவுனுக்கு அதை எடுத்தார்கள். எடுத்துக் கண்ணாடிப் பேழையில் வைத்து விளக்குப் போட்டார்கள். விளக்குச் சூட்டில் தக்கை உலர்ந்து உள்ளே விழுந்துவிட்டது!

அதே கூட்டத்தைச் சேர்ந்த நான்கு புட்டிகளை வாங்கிய அமெரிக்கப் பணக்காரர் பில் கோக், பின்னால் சந்தேகம் கொண்டு ஆள் வைத்து விசாரித்தார். ஜெஃபர்ஸன் ஒன்று விடாமல் கணக்கு எழுதி வைத்த மனிதர். அவர் வீட்டு ஏடுகளைக் காத்து வருகிறவர்கள், இந்தப் புட்டிகளுக்கு அங்கே சான்று இல்லை என்றார்கள். எழுத்துக்கள் மின்சாரக் கருவியால் வெட்டியவை என்று கோக் அமர்த்திய நிபுணர்கள் கண்டார்கள். 2006-இல் வழக்குத் தொடுத்தார். ரோடன்ஸ்டாக் நியூயார்க் கோர்ட்டுக்கு வந்து வாதாடவே இல்லை. 2010-இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. 2018-இல் இறக்கும் வரை தம்மேல் குற்றமில்லை என்றே சொல்லி வந்தார்.

இதில் என்னை உறுத்துவது பணம் போனது அல்ல. அவர் நடத்திய விருந்துகளில் உட்கார்ந்து இருநூறு வருஷத்து ஒயின்களை ருசி பார்த்துப் புகழ்ந்து எழுதியவர்கள் சாமானியர்கள் அல்லர். அந்தக் கலையில் பேர் பெற்ற நாக்குகள். ஆனால் 1787-ஐ வேறு எந்த 1787-உடன் ஒப்பிடுவது? தியாகராஜரின் குரலை யாரோ பாடிக் காட்டுகிறேன் என்றால், சரியா தப்பா என்று சொல்ல எந்த சபாவில் யார் இருக்கிறார்கள்? ஒப்பிட ஒன்று பக்கத்தில் இல்லாத இடத்தில், நாக்கு கதையைத்தான் ருசிக்கிறது.

“இந்தப் பொய்யும் புதிது அல்ல” என்றார் பாண்டிச்சேரி நண்பர். அவர் ஊருக்குத் தெற்கே இருக்கிற அரிக்கமேட்டை நினைத்துக்கொண்டு சொன்னார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, மத்தியதரைக் கடல் பக்கத்து மதுச் சாடிகளின் ஓடுகள் குவியலாக வந்தன. பின்னால் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழுவும் தோண்டியது. இரண்டு காதும் கூர்ந்த அடியுமாக, உள்ளே பிசின் பூசிய சாடிகள். அவற்றில் நிறையக் கிடைத்தவை கோஸ் என்ற கிரேக்கத் தீவின் பாணியைச் சேர்ந்தவை. கோஸ் ஒயினில் கடல்நீர் கலப்பது வழக்கம். நெடும் பிரயாணத்தைத் தாங்கும். அந்த ஒயினுக்கு இருந்த கிராக்கியில், இத்தாலியிலேயே அதைப்போல் செய்துகொள்வது எப்படி என்று ரோமானியக் கிழவர் கேட்டோ, கிறிஸ்து பிறப்பதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் முன்பே தம் விவசாய நூலில் முறை எழுதி வைத்தார். சாடியின் உருவத்தையும் இத்தாலியில் காப்பி அடித்தார்கள். அரிக்கமேட்டில் இறங்கிய ‘கோஸ்’ எத்தனை கோஸ், எத்தனை இத்தாலி என்று அன்றைக்கு வாங்கிய தமிழ் வணிகன் கேட்டிருப்பானா?

கேட்டிருக்கலாம். நம் முன்னோரும் ருசி தெரிந்தவர்கள்தான். பாண்டியன் நன்மாறன் யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கலத்தில் பருகினதைப் புறநானூற்றில் நக்கீரர் பாடியிருக்கிறார். மலைவாசிகள் தேனை மூங்கில் குழாயில் ஊற்றி முதிர வைத்த செய்தி சங்கப் பாட்டுக்களில் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வருகிறது. நாட்பட்ட மதுவின் கடுப்புக்கு ஔவையார் தேளின் கொட்டை உவமை சொல்லுகிறார். மதுரை டாக்டரின் கட்சிக்கு அது பழைய சாட்சி! ஆனால் அவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள்: தேறல். தேறுதல் என்றால் தெளிதல். நோயாளி தேறுகிறான், துயரப்பட்டவன் தேறுகிறான், பையன் பரீட்சையில் தேறுகிறான். கலங்கியது அடங்கி, கசடு கீழே போய், மேலே தெளிவு நிற்பது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்த 1982 கூஜாவில் இறங்கியபோது நான் கண்ணால் கண்டது அந்தச் சொல்லின் அர்த்தத்தைத்தான். பெருவாரியான பாஷைகளில் ‘பழைய ஒயின்’ என்று இரண்டு வார்த்தை வேண்டியிருக்கிறது.

ரோமானியர் பழமையை வரம்பு மீறியும் போற்றினார்கள். கி.மு. 121-இல் விளைந்த ஒயின் ஏறக்குறைய இருநூறு வருஷம் கழித்தும் இருந்ததாகவும், அது கசந்த தேன் போல் இறுகிவிட்டதாகவும் பிளினி எழுதினார். குடிக்க முடியாது, பெருமை பேசலாம்.

சாடிகளின் காலம் போய், நூற்றாண்டுகள் கடந்து, மறுபடி புட்டிகளின் காலத்தில் போர்தோ ஒயின் இந்தியாவை நோக்கி வந்தது. வழி நீண்டது. சூயஸ் கால்வாய் திறந்தது 1869-இல்தான். அதற்கு முன்பு நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வர வேண்டும். அட்லாண்டிக்கில் ஒரு தடவை, இந்துமகா சமுத்திரத்தில் ஒரு தடவை பூமத்திய ரேகையைத் தாண்ட வேண்டும். மாதக் கணக்கில் புழுக்கம், ஆட்டம். ஆங்கிலக் கம்பெனிக் கப்பல்கள் வழியில் மதேய்ரா தீவில் நின்று அந்தத் தீவின் ஒயினை ஏற்றிக்கொள்ளும். சூட்டில் வெந்து ஆடி வந்த மதேய்ரா கெடவில்லை, மணத்தது! அதற்காகவே அதைப் பீப்பாயோடு கடல் யாத்திரை அனுப்பித் திருப்பி வரவழைத்து விற்க ஆரம்பித்தார்கள்.

போர்தோவில் சேன்-எஸ்தேஃப் என்ற ஊரில் லூயி காஸ்பார் தெஸ்துர்னெல் என்று ஒரு நிலக்கிழார் இருந்தார். 1762-இல் பிறந்தவர். 1811 வாக்கில் கோஸ் என்ற மேட்டில் இருந்த திராட்சை நிலம் அவர் கைக்கு வந்தது. (இந்தக் கோஸுக்கும் கிரேக்கத் தீவுக்கும் சம்பந்தமில்லை. அந்தப் பக்கத்துப் பேச்சில் கூழாங்கல் மேடு என்று பொருளாம். ஆனாலும் நம் கடற்கரைக்கு இரண்டு கோஸ்கள் வந்தது வேடிக்கைதான்.) மனிதர் குதிரைப் பிரியர், அரபு நாட்டுக் குதிரை வாங்கும் வியாபாரத்தோடு ஒயின் வியாபாரத்தையும் சேர்த்து, இந்தியாவின் ராஜாக்கள்வரை தம் சரக்கை அனுப்பினார் என்று சொல்லுகிறார்கள். விற்காமல் மிஞ்சிய புட்டிகள் திரும்பிக் கப்பலேறி ஊருக்கு வந்தன. தள்ளுபடிச் சரக்கு என்று மூலையில் போடாமல் அவர் ருசி பார்த்தார். ஊரிலேயே தங்கியிருந்த ஒயினைவிடப் போய் வந்த ஒயின் நன்றாக இருந்ததாம். ‘இந்தியாவிலிருந்து திரும்பியது’ என்பதைக் குறிக்க அந்தப் புட்டிகளுக்கு ஒரு தனி எழுத்து முத்திரை போட்டார். விலை ஏறிற்று.

பாண்டிச்சேரி நண்பருக்கு இந்தக் கதையில் பெருமை. டாக்டருக்கு நம்பிக்கை இல்லை. “சூடு பட்டால் ஒயின் கெட்டுவிடும் என்று பன்னிரண்டு பதினான்கு டிகிரியில் அலமாரி வைத்துக் காப்பாற்றுகிறார்களே. அப்புறம் இந்தியா போய் வந்தது எப்படி உயர்த்தி ஆகும்?” என்றார். நியாயமான கேள்வி. நான் யோசித்துப் பார்த்த வரையில் இரண்டும் உண்மை. அந்தக் காலத்துச் சேன்-எஸ்தேஃப் ஒயின் இளமையில் வாயை ஒட்டவைக்கும் துவர்ப்பு உடையது. அதைக் குடிக்கத் தகுந்ததாக்கப் பல வருஷம் காத்திருக்க வேண்டும். வெப்பம் அந்த வருஷங்களைச் சுருக்கிக் கொடுத்திருக்கும். சில நுட்பங்களைப் பலி வாங்கியும் இருக்கும். மிச்சப் பெருமையை அந்த முத்திரை எழுத்து செய்திருக்கும். துண்டு சுற்றிப் பார்க்கும் பழக்கம் அப்போது இல்லையே! ஆனால் ஒன்று. நம் நாட்டு வெயிலை எல்லாவற்றையும் கெடுக்கிற வெயில் என்றே கேட்டுப் பழகியிருக்கிறோம். ஒரு பிரெஞ்சுக்காரன் தன் சரக்கின் குறையை அந்த வெயிலும் நம் கடலும் தீர்த்தன என்று லேபிளில் ஒப்புக்கொண்டு, அதற்குக் கூடுதல் விலையும் வாங்கினான் என்றால், அந்த விலையில் ஒரு பங்கு வெயிலுக்குச் சேர வேண்டியதுதான்.

கடனைத் தீர்த்துக்கொள்ள அவருக்குத் தெரிந்தது. செலவை நிறுத்திக்கொள்ளத் தெரியவில்லை. கீழ்த்திசையின் நினைவாகத் தோட்டத்தில் கோபுரங்கள் எழுப்பினார். சீனம், இந்தியா, அரபு எல்லாம் கலந்த கோபுரங்கள், கல்லில் யானைகள், சான்ஸிபாரிலிருந்து வந்த செதுக்கு வேலைக் கதவு. அண்டை அயலார் அவரை ‘சேன்-எஸ்தேஃபின் மகாராஜா’ என்றார்கள். 1852-இல் தோட்டத்தை லண்டன் பாங்கர் ஒருவருக்கு விற்க வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம், தொண்ணூறைத் தாண்டிய வயதில், இறந்து போனார். 1855-இல் பாரிஸ் கண்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியன் விருப்பப்படி, போர்தோ வியாபாரிகள் தோட்டங்களைத் தரம் பிரித்துப் பட்டியல் போட்டபோது, கோஸ் தெஸ்துர்னெல் இரண்டாம் வகுப்பில் தேறிற்று. அந்தப் பட்டியல் ஏறக்குறைய அப்படியே இன்றும் நிற்கிறது. 1973-இல் மூத்தோன் தோட்டத்தை முதல் வகுப்புக்கு உயர்த்தியதுதான் பெரிய மாறுதல்.

கோபுரங்களும் இருக்கின்றன. மாளிகை என்று நினைத்துப் போகிறவர்கள், படுக்கை அறையோ சாப்பாட்டு அறையோ எங்கே என்று தேட வேண்டாம். மகாராஜா அந்தக் கட்டடத்தைத் தமக்காகக் கட்டிக்கொள்ளவில்லை. அது ஒயின் முதிர்கிற கிடங்கு.